ஆற்று வாயில் மீன் குஞ்சுகள்: வீராம்பட்டினத்திலிருந்து பிச்சாவரம் வரை

ஞாயிறு, வீராம்பட்டினம்

என் சித்தி மகள் கடல் உயிரியலில் ஆய்வு செய்கிறாள். மீன் லார்வாதான் அவளுடைய விஷயம். முட்டையை விட்டு வெளியே வந்து, இன்னும் மீன் என்று அடையாளம் சொல்ல முடியாத பருவம் அது. புதுச்சேரியிலிருந்து பிச்சாவரம் வரை கரையோரத் தண்ணீரில் எந்த மாதம் எந்த மீனின் குஞ்சு எவ்வளவு கிடக்கிறது என்று மாதாமாதம் போய் அரித்துப் பார்க்கிறாள். இந்த மாசிச் சுற்றுக்கு, வழக்கமாகக் கூட வருகிறவரால் வர முடியவில்லை. "வலை பிடிக்க ஒரு ஆள் வேணும், வர்றியாண்ணா?" என்று போன் பண்ணினாள். அடுத்த பஸ்ஸில் புதுச்சேரி வந்துவிட்டேன். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே இங்கே எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே வீராம்பட்டினத்திலிருந்து ஒரு பைபர் படகில் கிளம்பினோம். ஏன் இருட்டில் போக வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. லார்வாக்களில் பல பகலில் ஆழத்தில் இருந்துவிட்டு இரவில் மேலே வரும். பகலில் மேலே இருப்பவற்றுக்கும் கண் தெரியும், வலை வருவதைப் பார்த்து விலகிவிடும். அதனால் பகல் மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு 'இந்தக் கடலில் குஞ்சு குறைவு' என்று எழுதினால் அந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

அவள் கொண்டுவந்தது மீன்பிடி வலை கிடையாது. நைலான் துணியில் தைத்த நீளமான கூம்பு. வாய் அரை மீட்டர் வட்டம், கண் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். வால் முனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. வாயின் நடுவே சின்ன விசிறி வைத்த ஒரு மீட்டர் தொங்குகிறது. உள்ளே எவ்வளவு தண்ணீர் போனது என்று அதுதான் சொல்லும். படகை மணிக்கு இரண்டு நாட்டிக்கல் மைல் வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினால் வலை சுமார் 600 மீட்டர் தூரம் அரித்திருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 120 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி பத்து. அத்தனை தண்ணீரையும் அரித்து, டப்பாவில் நின்றது இளம் பழுப்பு நிறக் கூழ் ஒரு தம்ளர்.

படகுக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "இதுக்காமா இவ்ளோ டீசல்?" என்றார். அவள் கூழில் ஒரு கரண்டி எடுத்துக் கடல் தண்ணீர் விட்டு, வெள்ளைத் தட்டில் ஊற்றி, கைலென்சை அவரிடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "கண்ணு தெரியுது. கண்ணு மட்டுந்தான் தெரியுது. இது நெத்திலியா?"

நெத்திலியேதான். பெயரை அவள் சொல்லவில்லை, அவராகச் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நீட்டுவாக்குல இருக்குது, வயித்துல ஒரு கோடு ஓடுது. பொடி நெத்திலிய வெயில்ல காய வைக்கும்போது இதே கோடு தெரியும்" என்றார். புத்தகத்திலும் அதுதான் அடையாளம் என்றாள் தங்கை. நெத்திலி, மத்தி வகை லார்வாக்களுக்கு உடம்பு நீளம், குடல் நேர்கோடு, குடலின் மேல் குறுக்கே மெல்லிய வரிகள்.

மீன் முட்டை பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த நாட்கள் புரியாது. நம் கடல் மீன்களில் பெரும்பாலானவை முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் அளவு, கண்ணாடி மாதிரித் தெளிவு. உப்புத் தண்ணீரில் மிதக்கும், உப்பு குறைந்தால் அமிழும். நம் ஊர் வெதுவெதுப்பில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். கொடுவா முட்டை என்றால் 16 முதல் 18 மணி நேரமே போதும். பொரிந்தவுடன் அதற்கு வாய் கிடையாது. வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருவைத் தின்றுகொண்டே மிதக்கும். இரண்டு மூன்று நாளில் வாய் திறக்கும்போது பக்கத்திலேயே சரியான அளவில் இரை இருக்க வேண்டும். பெரும்பாலும் துடுப்புக்காலி என்கிற மிகச் சின்ன மிதவை உயிரியின் குஞ்சுகள்தான் இரை. அது அந்த நேரத்தில் அங்கே இல்லை என்றால் அவ்வளவுதான்.

ஜோஹான் யோர்ட் என்ற நார்வே நாட்டு விஞ்ஞானி 1914இல் இதைத்தான் எழுதினார். ஒரு வருஷம் மீன் கொட்டோ கொட்டென்று கொட்டுவதும் இன்னொரு வருஷம் வலை காலியாக வருவதும் தாய் மீனின் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை. முதல் இரை கிடைக்கிற அந்தச் சில நாட்களில் எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கடல் உயிரியலில் அந்தக் கேள்வி ஓயவில்லை.

அரித்ததைக் கெடாமல் வைக்கப் பாட்டிலில் போட்டு பார்மலின் மருந்து ஊற்றுவாள். "இத்தனையும் பார்மலின்ல செத்துப்போகுதே" என்று தங்கையிடம் கேட்டேன். எனக்கு அது உறுத்தியது. "லட்சம் முட்டையில ஒண்ணு ரெண்டு தேறினாலே அதிகம். நான் எடுக்கறது கடலுக்குத் தெரியவே தெரியாது. ஆனா எடுக்காம எண்ண முடியாதுண்ணா" என்றாள். ஒத்துக்கொண்டேன். ஆனாலும் பாட்டிலில் மருந்து ஊற்றும்போது நான் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கரைக்குத் திரும்பும்போது அரியாங்குப்பம் ஆற்றின் வாயைக் கடந்தோம். தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் படகுகள் போய்வருகிற வழி அது. இரண்டு பக்கமும் கல் கொட்டிய அலைதடுப்பு. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களில் இந்தத் தடுப்புகள் வந்தபிறகு தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே புதுச்சேரி நகரத்துக் கடற்கரை கரைந்தது. ஆற்று வாய் தூர்ந்துகொண்டே இருப்பதால் அவ்வப்போது தூர்வார வேண்டியிருக்கிறது. படகு தரைதட்டுகிறது என்று மீனவர்கள் கேட்பதால் தூர்வாருகிறார்கள். அதே வழியில்தான் குஞ்சுகளும் ஆற்றுக்குள் போகின்றன என்பது யாருடைய பேச்சிலும் வருவதில்லை.

திங்கள், தாழங்குடா

கடலூருக்குச் சற்று வடக்கே, தென்பெண்ணை கடலில் சேருகிற இடம். இன்றைய வேலை படகில் இல்லை, காலை நனைத்துக்கொண்டு. அலை உடைகிற இடத்தில், முழங்கால் ஆழத்தில், இரண்டு பேர் இரண்டு கம்பைப் பிடித்துச் சின்னக் கண் வலையை இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். கடல் சும்மா விடவில்லை. கம்பு கையைவிட்டுப் போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அலை நுரைக்கும் ஆழமில்லாத இந்தத் தண்ணீரில் ஒன்றும் இருக்காது என்றுதான் யாரும் நினைப்போம். பெரிய மீன் வர முடியாத ஆழம் என்பதாலேயே குஞ்சுகளுக்கு இது பாதுகாப்பு. வலையில் கீச்சான் குஞ்சுகள் வந்தன. விரல் நகத்தைவிடச் சின்னது, ஆனால் முதுகில் வளைந்த கறுப்புப் பட்டைகள் அப்போதே தெளிவாக இருந்தன. கிழங்கான் குஞ்சு இருந்தது. எல்லாவற்றையும் விட அதிகம் மடவை. வெள்ளியைத் தேய்த்தது போல உடம்பு, கூட்டம் கூட்டமாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, ஆற்று வாயை நோக்கி.

மடவை ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்கிற மீன். முட்டையிட மட்டும் மழைக்காலத்தில் கடலுக்குப் போகும். கடலில் பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆனதும் தை, மாசியில் கரையோரமாகவே வந்து, எங்கே ஆற்றுத் தண்ணீரின் வாசம் கிடைக்கிறதோ அங்கே உள்ளே நுழையும். ஆற்று வாயை மணல் அடைக்காமல் கதவு திறந்திருந்தால் நுழையும். மூடியிருந்தால்?

தாழங்குடாவில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தோம். பெண்ணையாற்று வாய் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தங்கை கேட்டாள். அவர் மாதம் சொல்லவில்லை, திருவிழா சொன்னார். "தீபாவளிக்கு முன்னாடி மழ நல்லா வந்துச்சுன்னா தீபாவளிக்கே ஒடச்சிக்கும். இல்லன்னா கார்த்திக தீபத்துக்கு. மூடுறது பங்குனி உத்திரம், சித்திரன்னு தள்ளித் தள்ளிப் போவும். மழ இல்லாத வருசம் தொறக்காமயே கெடந்ததும் உண்டு."

"அப்ப குஞ்சு என்ன ஆவும் ஐயா?"

"வாசல்ல நின்னு நின்னு பாத்துட்டுப் போயிடும். இல்ல கொக்கு தின்னும். அந்த வருசம் ஆத்துல மடவ இருக்காது, நாங்க சொல்லிருவோம்."

2024இன் கடைசியை அவர் மறக்கவில்லை. நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் பெண்ணையில் திறந்துவிடப்பட, கரையோர ஊர்களெல்லாம் மூழ்கின. மனிதருக்கு வந்த சேதம் சொல்லி மாளாது. ஆற்று வாய் மட்டும் அகலமாக வெட்டப்பட்டுக் கிடந்தது என்றார். மிதக்கிற முட்டைக்கு அந்த மாதிரி வெள்ளம் ஆகாது. உப்பு அற்றுப்போன தண்ணீரில் முட்டை அடியில் போய்விடும், பிழைத்த குஞ்சையும் வெள்ளம் கடலுக்குத் தள்ளிவிடும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய சத்தில் நுண்பாசி பெருகும், அதைத் தின்னத் துடுப்புக்காலி பெருகும், அதைத் தின்னக் குஞ்சு வரும். ஐப்பசி, கார்த்திகையில் அவளுடைய பாட்டில்கள் ஏறக்குறைய காலியாக இருப்பதும் தை, மாசியில் நிரம்புவதும் இதனால்தான்.

சாயந்திரம் தேவனாம்பட்டினத்தில் கடற்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் இன்னொன்று சொன்னாள். மாசியிலிருந்து சித்திரை, வைகாசி வரை இந்தக் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கிப் போகும். ஐப்பசி முதல் மார்கழி வரை அப்படியே திரும்பித் தெற்கு நோக்கி ஓடும். ஆக இன்று கடலூரில் நாம் அரிக்கிற குஞ்சின் தாய் நாகப்பட்டினத்துப் பக்கம் முட்டை விட்டிருக்கலாம். கார்த்திகையில் அரித்தால் அதன் தாய் சென்னைப் பக்கத்து மீனாக இருக்கலாம். எங்கள் ஊர் மீன், உங்கள் ஊர் மீன் என்று கரையில் சண்டை போடுகிறோம்.

செவ்வாய், கடலூர் துறைமுகம்

ஓ.டி. என்று எல்லோரும் சொல்கிற கடலூர் முதுநகர். கெடிலமும் உப்பனாறும் பரவனாறும் ஒன்று சேர்ந்து கடலுக்குள் போகிற வாயில் துறைமுகம் உட்கார்ந்திருக்கிறது. உப்பனாற்றுக் கரையில் 1980களில் வந்த சிப்காட் ஆலைகள். ஆற்றுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது வாக்கியம் ஆலைத் தண்ணீர் பற்றித்தான் இருக்கும். தங்கை இந்த ஆற்றிலும் அரிக்கிறாள். பரங்கிப்பேட்டை வெள்ளாற்றோடு ஒப்பிட்டு முடிவு எழுத அவளுக்கு இன்னும் மாதங்கள் வேண்டும் என்பதால் நான் முந்திக்கொண்டு எதுவும் சொல்லப்போவதில்லை.

ஏலக்கூடத்தில் காரப்பொடி, கவலை, கானாங்கெளுத்தி, நாக்கு மீன் என்று கூறு கூறாகக் கொட்டிக் கிடந்தது. மத்தியும் உண்டு. மேற்குக் கடற்கரை மீன் என்று பேர் வாங்கிய மத்தி, 1980களின் கடைசியிலிருந்துதான் நம் கிழக்குக் கரையில் கூட்டமாகப் பிடிபட ஆரம்பித்தது. மீன்கள் இடம் மாறும். அதைப் பெரிய மீனில் கண்டுபிடிப்பதைவிட லார்வாவில் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். குஞ்சு கிடைக்கிறது என்றால் அந்த மீன் இங்கேயே பக்கத்தில் குடும்பம் நடத்துகிறது என்று அர்த்தம்.

மீன் விற்கிற ஒரு அக்காவிடம் கெளுத்தி பற்றிக் கேட்டேன். "ஆம்பளக் கெளுத்தி வாயத் தொறந்து பாத்திருக்கியா தம்பி? கோலி குண்டு கணக்கா முட்டை வச்சிருக்கும். அது பொரிஞ்சு குஞ்சு தானா நீந்துற வரைக்கும் எதையும் திங்காது. நான் அத வெட்ட மாட்டேன், அப்படியே குடுத்துடுவேன்" என்றார். கடல் கெளுத்தியின் முட்டை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் பெரிது. சில டஜன்தான் இருக்கும், அதை அப்பன் வாயில் வைத்துக் காக்கிறான். கொடுவாவோ ஒரே தடவையில் லட்சக்கணக்கில் விட்டுவிட்டு திரும்பிப் பார்க்காது. இதனால்தான் தங்கையின் வலையில் கெளுத்தி லார்வா விழுவதே இல்லை. கடலில் கெளுத்தி இருக்கிறது, மாதிரியில் இல்லை. வலையில் விழாத மீன் அந்தக் கடலில் இல்லாத மீன் ஆகிவிடாது என்பதை அவள் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள்.

அப்புறம், எழுதக் கஷ்டமாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தின் ஓரத்தில் கழிசல் குவிந்து கிடந்தது. இழுவலையில் வந்து, தின்ன விற்க முடியாதது என்று ஒதுக்கப்பட்டது. தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும். தங்கை குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் பிரித்தாள். இரண்டு விரல் நீளச் சங்கரா. முழு விரல்கூட இல்லாத வாளை. நண்டுக் குஞ்சு. ஒரு சீலாக் குஞ்சு, அந்த வயதிலேயே பல்லோடு. முட்டையாக மிதந்து, இரை கிடைத்து, சொறி மீனுக்கும் அம்புப் புழுவுக்கும் தப்பி, லட்சத்தில் ஒன்றாக இந்த அளவுக்கு வந்தவை இவை. கடலின் கஷ்டமெல்லாம் தாண்டி வந்த பிறகு நாம் அள்ளியிருக்கிறோம். லார்வா சாவது எனக்கு இப்போது அவ்வளவு வலிக்கவில்லை, இது வலிக்கிறது.

இழுவலையின் கடைசியில் மீன் சேருகிற பையான மடியின் கண்ணைப் பற்றி ஒரு விசைப்படகு ஓட்டுநர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். சாதாரணமாக வலைக் கண் சாய்சதுரமாக இருக்கும். பாரம் ஏறி இழுபடும்போது அது நீண்டு மூடிக்கொள்ளும், குஞ்சு வெளியே போக வழியிருக்காது. சதுரக் கண் வைத்தால் இழுத்தாலும் திறந்தே இருக்கும். "வச்சிக்கலாம்தான். நான் மட்டும் வச்சா பக்கத்துப் படகு அள்ளிக்கினு போயிடுவான். எல்லாரும் வச்சா நானும் வைக்கிறேன்" என்றார். நியாயமான பேச்சு. அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே வலை என்றால் சுருக்குமடிச் சண்டையும் கூடவே வரும். மீன் கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளுகிற வலை அது. தமிழ்நாட்டில் 2000இலிருந்தே அதற்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 நாட்டிக்கல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. ஊருக்கு ஊர் அபிப்பிராயம் வேறு. நான் அதற்குள் போகவில்லை.

தடைக்காலத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. 2001இல் 45 நாளாக ஆரம்பித்து 2017இல் 61 ஆனது. மீன் முட்டையிடுகிற காலம் என்பதால் தடை என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நம்முடையது வெப்பக் கடல். நெத்திலி வருஷம் முழுக்க முட்டையிடும். மடவை மழையில். பால் மீன் குஞ்சு பங்குனி முதல் வைகாசிவரை கரையோரம் வரும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கரையோரமாக வீசி மேல் தண்ணீரை விலக்க, அடியிலிருந்து சத்துள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அதை நம்பி வேறு சில மீன்கள். தடைக்காலம் வேண்டும், கடலுக்கு அந்த ஓய்வு கட்டாயம் வேண்டும். ஆனால் மீதி மூன்று நூறு நாளும் தொட்டில் காலியாக இருப்பதில்லை. அந்த நாட்களில் குஞ்சுகளைக் காப்பது இரண்டே இரண்டு: வலைக் கண்ணும், திறந்திருக்கிற ஆற்று வாயும்.

செவ்வாய் இரவு, பரங்கிப்பேட்டை

கடலூர் துறைமுகத்தில் ரயில் பிடித்தால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், அடுத்து பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேருகிற ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் 1961இல் பேராசிரியர் ஆர்.வி. சேஷையாவின் முயற்சியில் இங்கே நிலைகொண்டது. இந்தியாவில் கழிமுகம் பற்றிப் படித்தவர்கள் வெள்ளாற்றின் பெயரைத் தாண்டாமல் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டிலை இன்றுதான் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். முதலில் நீள்வட்ட முட்டை ஒன்று. கடல் மீன் முட்டைகள் பெரும்பாலும் உருண்டை, நெத்திலியினுடையது இப்படி நீளவாட்டில் இருப்பதால் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். பக்கத்தில் ஒரு உளுவை லார்வா, நடு உடம்பில் காற்றுப்பை ஒரு குமிழாக மின்னியது. அப்புறம் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று: நாக்கு மீன். அரை சென்டிமீட்டர்கூட இல்லை. வளர்ந்த நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும், தெரியும்தானே. பிறக்கும்போது அப்படி இல்லை, மற்ற மீன்களைப் போல இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் நகரும், அதன்பிறகுதான் தரையில் படுக்கும். தட்டில் இருந்ததற்கு இன்னும் நகரவில்லை. பக்கவாட்டில் வைத்தாள், ஒரு கண். திருப்பி வைத்தாள், இன்னொரு கண்.

எந்த இனம் என்று பெயர் வைப்பது மகா சிரமமான வேலை. தாயின் அடையாளம் எதுவும் குஞ்சில் இருக்காது. உடம்பில் தசைக் கட்டுகள் எத்தனை என்று தலையிலிருந்து வால்வரை எண்ணுவார்கள். வளர்ந்த மீனின் முதுகெலும்புக் கண்ணிகளுக்கு அது ஏறக்குறைய சமமாக வரும். கறுப்புப் புள்ளிகள் எந்த இடத்தில், எந்த வரிசையில் என்று பார்ப்பார்கள். அதிலும் தெரியாவிட்டால் மரபணு. காதுக்குள் இருக்கிற கல்லில் ஒரு நாளைக்கு ஒரு வளையம் படியுமாம். அதை எண்ணினால் குஞ்சின் வயது நாள் கணக்கில் கிடைக்கும்.

மாசி மகம், கிள்ளை

ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிற நாள். தைக்காலில் முஸ்லிம் மக்கள் சாமியை வரவேற்று மரியாதை செய்கிற வழக்கம் காலகாலமாக நடக்கிறது. முழுக்குத்துறை போகிற ரோடெல்லாம் ஜனம். நாங்களும் போய்க் கும்பிட்டோம். மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் கடல் ஏற்றமும் இந்த நாட்களில்தான் அதிகம். இந்தக் கரையில் பெரிய ஏற்றம் என்றாலே ஒரு மீட்டர் அளவுதான், ஆனாலும் அது போதும். இரவு ஏற்றத்தில்தான் குஞ்சுகள் ஆற்றுக்குள் நுழையும். தண்ணீர் உள்ளே ஓடும்போது மேலே வந்து அதில் ஏறிக்கொள்ளும், வெளியே வற்றும்போது அடியில் இறங்கித் தங்கிவிடும். நீந்தப் பலமில்லாத ஒன்று ஆற்றுக்குள் போய்ச் சேருகிற வழி இது. அதனால்தான் தங்கை இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

பகலில் பிச்சாவரம் வாய்க்கால்களில் துடுப்புப் படகு. சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, 2022இல் ராம்சர் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சுரபுன்னையின் வளைந்த வேர்களுக்குள் வெயில் இறங்கவில்லை. அங்கே இருளர் குடும்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடித்தார்கள். பிடித்ததைப் போடுகிற பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு கையும் வேலையில் இருக்கிறதே. குஞ்சை அவர்கள் விரல் தானாகவே விட்டுவிடுகிறது.

ஒரு இடத்தில் காடு இளசாக இருந்தது. முன்பு மரங்களை மொத்தமாக வெட்டியதில் நிலம் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி எதுவும் முளைக்காமல் போன இடங்கள் இங்கே உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஏற்றத் தண்ணீர் வந்துபோக வழி செய்த பிறகு மரம் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்கு வழி விட்டதும் காடு வந்தது. காட்டோடு குஞ்சும் வந்திருக்கும்.

இருட்டிய பிறகு ஏற்றத் தண்ணீர் உள்ளே ஓடியது. முகத்துவாரத்துக்குள் வலையை நங்கூரம் போட்டு நிறுத்தி, ஓடுகிற தண்ணீரே வடிகட்டட்டும் என்று விட்டோம். எடுத்தபோது டப்பாவில் இறால் குஞ்சும் உளுவையும் மடவையும். நடுவில் பட்டையாக, இலை போல, விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று. டார்ச் அடித்தால் பின்பக்கம் என் விரல் ரேகை தெரிந்தது. விலாங்கு இனத்தின் லார்வா. வெகுநாள் கடலில் மிதந்து வளர்ந்தது. விலாங்காக மாறும்போது பெரிதாகாமல் முதலில் சுருங்கும். "இத மருந்துல போட வேணாம்" என்றாள் தங்கை. படம் எடுத்துக்கொண்டு, அளந்து எழுதிக்கொண்டு, தண்ணீரில் விட்டோம்.

மறுநாள், சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து

அவள் பாட்டில்களோடு பரங்கிப்பேட்டை போய்விட்டாள். பிரித்து எண்ணி, 100 கன மீட்டருக்கு இத்தனை என்று கணக்காக்க வாரக்கணக்கில் ஆகும். மழைக்காலத்திலும் நான் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன். காலி பாட்டில் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அவளுடைய நோட்டில் வெப்பம், உப்பு, ஏற்றம், காற்று எல்லாம் இருக்கிறது. ஆற்று வாய்கள் திறந்த நாளும் மூடிய நாளும் இல்லை. தாழங்குடா, தேவனாம்பட்டினம், நல்லவாடு, அன்னங்கோயில், முடசலோடை என்று ஆற்று வாய்க்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள் இதைப் படித்தால், போன சில வருஷங்களில் உங்கள் ஊர் வாய் எப்போது உடைந்தது, எப்போது மணல் மேடு ஏறி அடைத்தது, பொக்லைன் வைத்து வெட்டினார்களா, வெட்டியபின் எத்தனை நாள் நின்றது என்று நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். தேதி வேண்டும் என்றில்லை. தீபாவளிக்கு முன், பங்குனி உத்திரத்துக்குப் பின் என்று சொன்னாலும் போதும், அதை வைத்து நாங்கள் தேதி கண்டுபிடித்துக்கொள்வோம்.